கடித்து மீதி வைத்த துண்டு

அம்மா கடைசியாகக் கேட்டது ஒரு முட்டையைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை. மூக்கில் குழாய். கண் மூடித்தான் இருந்தது. "முட்டையில உப்பு போதுமா?" என்றாள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் மகள் இருந்தாள். அவர்கள் வீட்டில் முட்டை வெந்ததே கிடையாது. அம்மாவுக்கு அந்த வாடை ஆகாது. பக்கத்து வீட்டில் முட்டை உடைத்தால் இந்த வீட்டில் சன்னலைச் சாத்துவாள். கேள்வியைக் கேட்டதும் மகள் ஒரு நொடி அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு அது தெரிய வழியே இல்லை. அதனால் நர்ஸ் பக்கம் திரும்பி, "குழம்பிப் பேசுறாங்க சிஸ்டர்" என்றாள். கட்டில் காலில் தொங்கிய அட்டையில் நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். மத்தியானம் இதயம் நின்றுவிட்டது.

மகளின் தொழில் உடைந்த உலோகத்தைப் பார்ப்பது. ஒரு போல்ட் முறிந்தாலும், கிரேன் கொக்கி விட்டுப்போனாலும், உடைந்த முகத்தை லென்ஸுக்கு அடியில் வைப்பாள். விரிசல் எங்கே தொடங்கியது, எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்தது, எந்தச் சுமையில் விட்டது என்று எழுதிக் கொடுப்பாள். இருபது வருஷத்தில் ஒரு அறிக்கையைக்கூட அவள் திரும்ப வாங்கியதில்லை. அம்மாவைப் பற்றி அவள் கொடுத்த ஒரே அறிக்கை அந்த அட்டையில் இருந்தது. அது தப்பாக இருந்தால், அம்மா தெளிவாகக் கேட்ட கடைசிக் கேள்விக்கு மகள் முதுகைக் காட்டியிருக்கிறாள். இருபத்திரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்காததற்குக் காரணம் இதுதான். வருகிறவர்கள் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டாம் நாள் அம்மா வேலை பார்த்த லேப்பிலிருந்து போன் வந்தது. மேசையில் புது ஆள் உட்காரப்போகிறார், இழுப்பறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

அம்மா பல்செட் செய்கிறவள். மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் பிளாஸ்டர் தூசி, மற்றதில் மெழுகு வாடை. டாக்டர்கள் நோயாளியின் வாயிலிருந்து அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு செய்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடி சரியாக உட்காருகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முப்பத்தெட்டு வருஷம் அதே மேசை. தெருவில் அவளுக்குப் பெயர் பல்செட்டக்கா. எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் வழக்கமே அவளுக்கு இல்லை, வாயைத்தான் பார்ப்பாள். ஒருமுறை பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கத்திக்கொண்டிருந்த கண்டக்டரிடம், "சில்லறை இருக்கட்டும் தம்பி, வலப்பக்கம் மெல்லவே மாட்டேங்கறீங்களே, எத்தனை நாளா வலி?" என்று கேட்டாள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

அப்பா கப்பல் வேலைக்குப் போனவர். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தார், பிறகு கடிதம் வந்தது, பிறகு அதுவும் இல்லை. வீட்டில் இரண்டு பேர். காலையில் அம்மாவுக்கு இருந்த பெரிய வேலை மகளின் சாப்பாட்டுப் பெட்டி.

அதில் அவள் காட்டிய கைவேலைக்கு அளவே இல்லை. காய்க்கென்றே தனியாக ஒரு மெழுகுக் கத்தி வைத்திருந்தாள். வெள்ளரிக்காயைக் குடைந்து படகு, அதில் சீஸ் பாய். கேரட்டில் பல்சக்கரம், இரண்டு வைத்தால் ஒன்றோடொன்று சுற்றும். மசித்த உருளைக்கிழங்கில் முள்ளம்பன்றி, கண்ணுக்கு இரண்டு உலர்ந்த திராட்சை. ரொட்டியை ஒன்பது துண்டாக வெட்டிக் கலைத்து வைப்பாள், சேர்த்தால்தான் மீன் தெரியும். ஆப்பிளைப் பிளந்து, திரும்பச் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு அனுப்புவாள். கறுக்காது. மூடியதும் பெட்டியைத் தொட்டிக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இடம் மாறக் கூடாது. மாறினால் மறுபடி அடுக்குவாள். "மூடியைத் திறந்ததும் கை தானா போகணும். யோசிச்சா பசி போயிடும்" என்பாள்.

மகளுக்கு மூன்றாம் வகுப்பு. அன்று பெட்டியில் ஒரு வாய் இருந்தது. சிவப்புத் தோலோடு இரண்டு ஆப்பிள் கீற்று, நடுவில் வரிசையாகச் சீஸ் பல். ஒரு பல் வேண்டுமென்றே விழுந்திருந்தது, ஏனென்றால் மகளுக்கும் அந்த வாரம் ஒரு பல் விழுந்திருந்தது. அம்மா அதைச் செய்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. அன்றிலிருந்து மகளின் பெயர் பல்செட்.

மறுநாள் படகு குப்பைத்தொட்டிக்குப் போனது. அடுத்த நாள் முள்ளம்பன்றி. நான்காம் நாள் பள்ளிக்கூடத்து ஆயா பார்த்து, வாசலில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு சட்டம் போட்டாள். "கடைசித் துண்டைக் கடிச்சு, பாதியை மிச்சம் வை. அதை வீட்டுக்குக் கொண்டு வா. நீ சாப்பிட்டேன்னு எனக்குத் தெரியணும்."

சட்டம் நல்ல சட்டம். ஆனால் மகள் அதற்குள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்து இருக்கையில் டயர் கடைக்காரரின் பெண் இருந்தாள். வகுப்பில் அவள் பெயர் டயர். அவள் பெட்டியில் தினமும் ஒன்றேதான்: இரண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை. ஒன்றையொன்று தொடாமல், பேசாமல் கிடக்கும் சாப்பாடு. மகளுக்கு அதைப் பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. டயருக்கோ படகு வேண்டும். பெட்டிகள் கைமாறின. அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எட்டாம் வகுப்பு முடியும்வரை, ஆறு வருஷம்.

அம்மாவின் சட்டத்தை மகள் ஒரு நாளும் மீறவில்லை. டயரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: கடைசித் துண்டைக் கடி, பாதியை வை. டயரும் நாணயமாகக் கடித்து வைத்தாள். சாயங்காலம் அம்மா பெட்டியைத் திறந்து பார்த்து, "எப்படி இருந்துச்சு?" என்பாள். "நல்லா இருந்துச்சும்மா" என்பாள் மகள். பெரியவளானதும் சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை நினைத்தாள். இருபது வயதில் வெட்கம். முப்பதில் மறதி. நாற்பத்தொன்றில், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில், நேரம் இருக்கிறது என்று நினைத்தாள்.

லேப்பில் பாலிஷக்கா காத்திருந்தாள். பல்செட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது அவள் வேலை. அம்மாவைவிட இரண்டு வயதுதான் இளையவள். மகளைச் சின்னதிலிருந்து பாப்பா என்றே கூப்பிடுவாள், இப்போதும் அப்படித்தான். இழுப்பறை பூட்டியில்லை. சாவியே கிடையாது.

மேலே கத்திகள், ஒரு கண்ணாடிக்கூடு, பாதித் தலைவலித் தைலம். அடியில் ஒரு பிஸ்கட் டப்பா. கனமாக இருந்தது.

திறந்தபோது உள்ளே பிளாஸ்டர் கட்டிகள். ஒவ்வொன்றும் பாதி உள்ளங்கை அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கடி, முன்பல் மட்டும். பதினாறு இருந்தன. மகள் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கை பழக்கத்தில் திரும்பியது. மேல்வரிசை முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. ஒரு தீக்குச்சி நுழையும்.

மகளுக்கு அப்படி இடைவெளி இல்லை. அவளுக்கு வலது முன்பல் இடது பல்லின் மேல் கொஞ்சம் ஏறி நிற்கும். அந்தப் பல் முளைத்ததிலிருந்து அப்படித்தான்.

அடியைத் திருப்பினாள். லேப்பில் எந்த அச்சாக இருந்தாலும் ஈரம் காய்வதற்குள் அடியில் பெயரும் தேதியும் கீறிவிட வேண்டும், அது அங்கே பழக்கம். இதில் தேதி இருந்தது. மூன்றாம் வகுப்பு வருஷம், சட்டம் போட்ட அதே வாரம். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அம்மாவின் கையெழுத்தில் இரண்டு சொல்: "இவ யாரு".

மகள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

உடைந்த முகத்தைப் பார்த்து ஊருக்கெல்லாம் காரணம் சொல்கிறவள் அவள். ஆறு வருஷம், தினமும், ஒரு பல்செட் செய்கிறவளிடம், இன்னொரு பிள்ளையின் கடியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சாப்பிட்டதற்கு அத்தாட்சி என்று. ஒரு நாள்கூட அது மண்டையில் உறைக்கவில்லை. மகளின் பால்பல் ஒவ்வொன்றும் எப்போது ஆடியது, எப்போது விழுந்தது, எந்தக் கோணத்தில் முளைத்தது என்று அம்மாவுக்கு அத்துப்படி. முதல் நாளே தெரிந்திருக்கும். பெட்டியைத் திறந்த அந்த நொடியிலேயே.

"உனக்குத் தெரியாதா பாப்பா?" என்றாள் பாலிஷக்கா. அவள் முகத்திலும் இப்போது அதிர்ச்சி. "உங்கம்மா சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அவ சொல்லவே இல்லையா?"

பிறகு பாலிஷக்கா சொன்னாள். அன்று சாயங்காலம் அம்மா ஒரு கடித்த ஆப்பிள் துண்டைக் கைக்குட்டையில் சுற்றி லேப்புக்கே திரும்ப வந்தாளாம். முகத்தில் ரத்தமே இல்லை. உடனே பிளாஸ்டர் கலக்கி அதில் ஊற்றினாள். காய்ந்ததும் எடுத்துப் பார்த்து, என் பெட்டியை வேற யாரோ சாப்பிடுறாங்க, அப்போ என் பொண்ணு என்ன சாப்பிடுறா என்று கேட்டாள். அதையே நாலைந்து தடவை கேட்டாள். மறுநாள் முதல் அந்தக் கட்டியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய், வாசலுக்கு எதிரே மரத்தடியில் நின்றாள். வெளியே வருகிற பிள்ளைகளின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சிரிக்காமல் வருகிற பிள்ளைகளுக்கு முகத்தைக் கோணலாக்கிக் காட்டினாள். காவல்காரர் இரண்டு தடவை வந்து யாரம்மா நீங்கள் என்று விசாரித்தாராம். மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. இடைவெளிப் பல்லோடு ஒரு சின்னப்பெண், பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தது. அம்மா மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

"அதுக்கப்புறம் சனிக்கிழமை ஆனா டயர் கடைக்குப் போயிடுவா. ஒரு சைக்கிள்கூட இல்லாதவ உனக்கு அங்க என்னடி வேலைன்னு நாங்க கேலி பண்ணுவோம். காத்து அடிச்சுட்டு வரேன்னு சொல்லுவா."

"அழுதாங்களாக்கா?"

பாலிஷக்கா கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஒரு தடவை. அந்த வாய் மாதிரி செஞ்சு அனுப்பினாளே, அதனாலதான் எல்லாமேன்னு ஆயா சொல்லித் தெரிஞ்சப்போ. அப்புறம் பல்லு மாதிரி எதையும் அவ பெட்டியில வெக்கல."

மகள் அதை நினைத்துப் பார்த்தாள். உண்மைதான். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு கேரட்டில் பல்சக்கரம்கூட வரவில்லை. பூவாகிவிட்டது. அப்போது அவள் அதைக் கவனித்ததில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டியைத் திறந்தது டயர்தான், அவள் பக்கத்தில் இருந்து பார்த்ததோடு சரி.

டப்பாவின் அடியில் ஒரு கட்டு காகிதம் இருந்தது. மெழுகுத் தகடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் வைத்து வரும் மெல்லிய தாள். சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தாள். மேலே ஒன்று மட்டும் மடித்திருந்தது: மூன்று மடிப்பு, ஒரு மூலையை உள்ளே செருகி, விரல் நகம் அளவில் ஒரு பொட்டலம்.

மகளுக்கு அந்தப் பொட்டலத்தைத் தெரியும். டயரின் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் தினமும் இருந்தது அதுதான். பிரித்தால் உள்ளே உப்பும் மிளகுத்தூளும். முதல் இரண்டு வாரம் இல்லை, பிறகு ஒரு நாளும் தவறவில்லை. டயரின் அப்பா எவ்வளவு கவனமானவர் என்று அந்த வயதில் அவள் நினைத்திருக்கிறாள். தனக்கு அப்படி ஒரு அப்பா இல்லையே என்றும் நினைத்திருக்கிறாள்.

டயர் கடை அதே இடத்தில் இருந்தது. பலகை மட்டும் புதிது. டயர்க்காரருக்கு இப்போது எழுபதுக்கு மேல். வேலையை ஆட்கள் பார்க்கிறார்கள், அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார். அடையாளம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாயைப் பார்த்தார், அந்த ஏறிய பல்லை.

"கேள்விப்பட்டேம்மா. வரணும்னு நெனச்சேன். யாருன்னு சொல்லிக்கிட்டு வர்றதுன்னு தெரியல."

மகள் டப்பாவை மேசையில் வைத்தாள். அவர் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றில் நிறுத்தினார். அதில் ஒரு பால்பல் விழாமலே நிற்க, பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைக் காட்டித்தான் உங்கம்மா என்னை டாக்டரிடம் துரத்தினார்கள் என்றார். அவர் மனைவிக்கு அப்போது வெளியூரில் வேலை. பிள்ளையின் வாய்க்குள் என்ன நடக்கிறதென்று அவருக்கு எங்கே தெரியும். டயர் இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். அவளுக்கும் இது எதுவும் தெரியாது என்றார்.

முதல் சனிக்கிழமையை அவர் மறக்கவில்லை. ஒரு பொம்பளை கைப்பையைத் திறந்து, பல் பதிந்த ஒரு கட்டியை மேசையில் வைத்து, இது உங்க பொண்ணு பல்லு என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள். தன் பெண் யாரையோ கடித்துவிட்டது என்று நினைத்து, எத்தனை தையல் என்று கேட்டாராம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. தன் மகள் என்ன சாப்பிடுகிறாள், அதைக் காட்ட முடியுமா. அவர் தனக்கும் அதையேதான் கட்டி வருவார். தன் பெட்டியைத் திறந்து காட்டினார். இரண்டு ரொட்டி, ஒரு முட்டை.

"உங்கம்மா அந்த முட்டையை எடுத்துக் கடிச்சாங்க."

மகள் அவரையே பார்த்தாள்.

"வாடை ஆகாதுன்னு எனக்கு அப்போ தெரியாது. கண்ணுல தண்ணி கொட்டுது. தொண்டை மேலயும் கீழயும் போகுது. மேசையைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிட்டாங்க. முழுங்கிட்டு, உப்பே இல்லையேன்னாங்க."

கடைக்குள் யாரோ ஒரு டயரை உருட்டிக்கொண்டு போனார்கள். மகள் வழிவிட்டு நகர்ந்து நின்றாள்.

அன்றைக்கே ஒப்பந்தம் ஆகிவிட்டது. அவர் பிள்ளைக்கு அம்மா கட்டுவாள், அம்மாவின் பிள்ளைக்கு அவர் கட்டுவார். சனிக்கிழமைதோறும் வாரத்துக்கான பொட்டலங்களை அம்மா கொண்டுவந்து தருவாள். முட்டையை இரண்டாக வெட்டாதீர்கள், மஞ்சள்கரு ரொட்டியில் பட்டால் அவள் தொடமாட்டாள் என்பாள். டயருக்கு எது பிடிக்கிறது என்று கேட்டுக்கொள்வாள். படகைவிட மீன் பிடிக்கிறது என்றால் அடுத்த வாரம் மீன் கூடும். இவ்வளவு எதற்கு, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நேராகவே கட்டலாமே என்று அவர் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"சொன்னா மாட்டிக்கிட்டோம்னு நெனச்சு ரெண்டும் சாப்பிடறதையே விட்டுடும்னாங்க. இப்போ சந்தோஷமா திருட்டுத்தனம் பண்ணுதுங்க, பண்ணட்டும்னாங்க."

மகள் கேட்க வந்ததைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னாள். அம்மா கேட்டதை, தான் நர்ஸிடம் சொன்னதை, நர்ஸ் எழுதியதை. சொல்லி முடிக்கும்வரை குரல் நேராக இருந்தது. அலுவலகத்தில் பேசுகிற குரல்.

டயர்க்காரர் ஒரு கந்தலை எடுத்து, சுத்தமாக இருந்த கையைத் துடைத்தார்.

"ஆறு வருஷமும் உள்ள வந்ததும் முதல் கேள்வி அதுதாம்மா. முட்டையில உப்பு போதுமா. நான் என்ன சொல்வேன்? பெட்டி காலியா வருதுன்னு சொல்வேன். அது பசிக்குப் பதில், உப்புக்குப் பதில் இல்லைன்னு சொல்வாங்க. அவளைக் கேட்டாத்தான் தெரியும், அவளைக் கேட்க முடியாதேன்னு சிரிப்பாங்க."

அம்மா தெளிவாகத்தான் இருந்திருக்கிறாள். அந்த அறையில் குழம்பிப்போயிருந்த ஆள் மகள்தான். முப்பது வருஷம் கேட்க முடியாத ஆளிடம், கடைசியில், கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பில்லாத நேரத்தில், கேட்டேவிட்டாள். எல்லாம் தெரியும், பரவாயில்லை, சொல்லு என்பதைத்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். மகள் நர்ஸைக் கூப்பிட்டாள்.

நின்ற இடத்திலேயே நின்றாள். அழுகை வரவில்லை. 

டயர்க்காரர் மேசையின் மறுகோடிக்குக் கையை நீட்டினார். ரசீதுத் தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு கனம் வைத்திருந்தார். கிரீஸ் ஏறிக் கறுத்து, ஒரு ஓரம் பெயர்ந்திருந்த பிளாஸ்டர் கட்டி.

"ஒரு தடவை நீ ரொட்டியில பாதி மிச்சம் வெச்சுட்டே. காய்ச்சலோ என்னமோ. அதை எடுத்துட்டுப் போய் இதைச் செஞ்சு கொண்டுவந்தாங்க. நீங்க சாப்பாடு போடுற பிள்ளையோட பல்லு, உங்ககிட்டயே இருக்கட்டும்னு. இந்த மாதிரி நாலஞ்சு இருந்துச்சு. மத்ததெல்லாம் கடையில உடைஞ்சுபோச்சு."

வலது பல் இடது பல்லின் மேல் ஏறி நின்றது. மகள் அடியைத் திருப்பினாள். கிரீஸை விரலால் தேய்த்ததும் கீறல் தெரிந்தது. தேதி. அதற்குக் கீழே: "எம்பொண்ணு. இன்னைக்குப் பாதிதான் சாப்பிட்டா."

மணி ஒன்றாகியிருந்தது. டயர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்தார், கன்னம் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.  மேசைக்குக் கீழிருந்து தன் பெட்டியை எடுத்துத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். இரண்டு ரொட்டி, ஒரு முட்டை. மூலையில் ஒரு பொட்டலம். செய்தித்தாளில் மடித்தது. ஆனால் மடிப்பு அதே மடிப்பு, மூன்று மடித்து மூலையைச் செருகியது. "பழகிப்போச்சு" என்றார்.

மகள் பொட்டலத்தைப் பிரித்து முட்டையில் தூவினாள். கடித்தாள். இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று தொண்டையில் நிற்காமல் இறங்கியது. மெதுவாகத்தான் சாப்பிட்டாள். கடைசித் துண்டு வந்ததும் கை தானாக நின்றது. பாதியைக் கடித்து, பாதியைப் பெட்டி மூடியில் வைத்தாள்.

வெள்ளையில் அவள் பல் பதிந்திருந்தது. வலது பல், இடது பல்லின் மேல். தொழிலில் பல்லாயிரம் உடைந்த முகங்களைப் பார்த்தவள் தன் கடியை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"போதும்மா" என்றாள். "உப்பு சரியா இருக்கு."

டயர்க்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னிடம் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும்.